மகாத்மா ஜோதிராவ் பூலேயும் மக்கள் வரிப்பணமும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, மகாத்மா ஜோதிராவ் பூலே அவர்களைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். பெண் கல்விக்கு வழி திறந்தவர் என்றும், அண்ணல் அம்பேத்கர் தம் ஆசான்களுள் ஒருவராகப் போற்றியவர் என்றும் நம் இளைஞர்கள் அவரை அறிவார்கள். ஏப்ரல் திங்கள் வந்தால் அவருடைய படத்திற்கு மாலை சூட்டுகிறோம். அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, வரி கொடுப்பவன் யார், அந்த வரியில் படிப்பவன் யார் என்று கேட்ட மனிதரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய வாழ்க்கையில் அந்தப் பகுதியையே இங்கு விரித்துரைக்க விரும்புகிறேன்.

அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. நான் கல்லூரியில் பயின்ற நாளில், உதவித்தொகைப் படிவத்திற்காக ஓர் அலுவலகத்தின் முன் காலை முதல் நின்றிருந்தேன். அங்கிருந்த எழுத்தர் ஒருவர், மற்றவர் கட்டுகின்ற வரியில் நீங்கள் படிக்கிறீர்கள் என்னும் பொருள்பட ஏதோ சொல்லிப் படிவத்தைத் தள்ளினார். வடகரை வயல்களில் நாற்று நட்ட தாய்க்கும், வரப்பு வெட்டிய தந்தைக்கும் பிறந்த எனக்கு அன்று மறுமொழி தோன்றவில்லை. பேருந்தில் ஊர் திரும்பும் வரை அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பல ஆண்டுகள் கழித்துப் பூலேயின் வரலாற்றைப் படித்தபோது, அந்த மறுமொழியை ஒருவர் 1882ஆம் ஆண்டிலேயே எழுதிக் கையொப்பமிட்டு அரசாங்கத்திடம் கொடுத்திருக்கிறார் என்று கண்டேன்.

ஜோதிராவ் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிறந்தார். தோட்டப் பயிர் செய்யும் மாலி வகுப்பினர். அவருடைய முன்னோர் புனே நகரத்துப் பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூக்கள் அளித்து வந்தமையால் பூலே என்பது குடும்பப் பெயராயிற்று. தந்தையார் கோவிந்தராவ்; தாயார் சிம்னாபாய். குழந்தைக்கு ஓராண்டு நிரம்புமுன்னரே தாயார் இறந்துவிட்டார். எழுதப் படிக்கத் தொடங்கிய சிறுவனைத் தந்தையார் பள்ளியிலிருந்து நிறுத்தித் தோட்ட வேலைக்கு அனுப்பினார். அண்டை வீட்டாராகிய பாரசீக மொழி ஆசிரியர் ஒருவரும், கிறித்தவப் பெரியவர் ஒருவரும் பையனின் அறிவுக் கூர்மையைக் கண்டு தந்தையாரிடம் வற்புறுத்தியதால், 1841ஆம் ஆண்டில் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் மீண்டும் சேர்ந்தார். ஒரு பிள்ளையின் படிப்பு அண்டை அயலார் இருவரின் நல்ல மனத்தால் பிழைத்தது. நம் ஊர்களிலும் இவ்வாறு பிழைத்த படிப்புகள் பல உண்டு. பதின்மூன்றாம் வயதில் அவருக்குத் திருமணம் ஆயிற்று. மணமகள் சாவித்திரிக்கு வயது ஒன்பது.

1847ஆம் ஆண்டில், பள்ளிப் படிப்பை முடித்த வேளையில், தாமஸ் பெயின் என்பவர் எழுதிய மனித உரிமைகள் என்னும் நூல் அவர் கைக்கு வந்தது. பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் ஆகான் என்பதற்காகவே அந்த நூலை எல்லாரும் நினைவு கூர்வர். 1792இல் வெளியான அதன் இரண்டாம் பாகத்தில் வேறொரு செய்தியும் உண்டு. பெரிய சொத்துக்களின்மேல் படிப்படியாக உயர்கின்ற வரி விதிக்கவேண்டும் என்றும், அரசின் வருவாயைக்கொண்டு ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு உதவவேண்டும் என்றும் பெயின் அதில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். இருபது வயது இளைஞர் படித்த நூல் இது.

மறு ஆண்டு நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். பிராமண நண்பரின் திருமண ஊர்வலத்தில் சென்ற ஜோதிராவ் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டார். அதே 1848ஆம் ஆண்டில் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். சாவித்திரிபாய் ஆசிரியையானார். ஊராரின் வற்புறுத்தலுக்கு அஞ்சிய தந்தையார் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல, நண்பர் உஸ்மான் ஷேக் இடம் கொடுத்தார். பிறகு மகாராட்டிரத்தில் நம்மைப்போல் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த மகர், மாங் மக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் அமைத்தனர். அங்கே படித்த முக்தாபாய் என்னும் மாங் சிறுமி தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுத, அது 1855ஆம் ஆண்டில் ஞானோதயம் என்னும் இதழில் அச்சாயிற்று. அதைப் படிக்கும்போதெல்லாம் அவளைப்போல் எழுதக்கூடிய எத்தனை பேரை நாம் ஆடு மேய்க்க விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

பொதுப்பணம் யாருக்கு என்னும் கேள்வி ஜோதிராவின் வாழ்வில் முதன்முதலாக எழுந்தது 1849ஆம் ஆண்டிலாகும். பேஷ்வாக்கள் காலத்தில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான ரூபாய் பிராமணப் பண்டிதர்களுக்குத் தட்சிணையாக வழங்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் அது குறைந்த அளவில் தொடர்ந்தது. அதில் ஒரு பங்கை எடுத்து மராத்தியில் நல்ல நூல் எழுதுவோர்க்குப் பரிசளிக்கவேண்டும் எனச் சீர்திருத்தக்காரர்கள் மனு எழுதினர். அவர்களுட் பலர் பிராமண இளைஞர்களே என்பதையும் சொல்லவேண்டும். பழமைவாதிகள் அவர்களைத் தாக்க முற்பட்டனர். ஜோதிராவ் ஏறத்தாழ இருநூறு உழைப்பாளிகளைத் திரட்டிக்கொண்டுவந்து காவல் நிற்க, மனு சென்று சேர்ந்தது. படிக்காத கூலிக்காரர்கள் புத்தகத்திற்குப் பணம் வேண்டும் என்னும் மனுவுக்குத் துணை போயினர்! தட்சிணை எங்கிருந்து வந்தது? உழவன் கட்டிய தீர்வையிலிருந்து வந்தது. அந்த இருநூறு பேரும் தங்கள் பணத்திற்கே காவல் நின்றனர் எனலாம்.

ஜோதிராவைத் துறவி என்று எண்ணுவோர் உண்டு. அவர் தொழில் செய்து பொருள் ஈட்டியவர். கட்டுமான ஒப்பந்தக்காரராக இருந்தார். யெரவாடாப் பாலத்திற்குக் கல் முதலிய பொருள்களை அளித்தார். மாஞ்சரி என்னும் ஊரில் நிலம் வாங்கிப் பயிர் செய்தார். ஆகையால் சாலையும் பாலமும் அணையும் எவ்வாறு எழுகின்றன, மேலதிகாரியின் கையில் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது, கல் சுமந்தவளுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதையெல்லாம் அவர் அருகிருந்து பார்த்தவர். 1868ஆம் ஆண்டில் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதார் எனப்பட்டவர்க்குத் திறந்துவிட்டார். 1873இல் அடிமைத்தனம் என்னும் நூலை வெளியிட்டு, நீக்ரோ அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் சத்தியசோதக் சமாஜம் தோன்றியது.

1876ஆம் ஆண்டில் அவர் புனே நகரசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அரசப் பிரதிநிதி புனேக்கு வருகை தருவதையொட்டி ஆயிரம் ரூபாய் செலவிட வேண்டுமென்று நகரசபையில் ஒரு தீர்மானம் வந்தது. அதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடுவது மேல் என்று எதிர்த்து வாக்களித்தவர் முப்பத்திரண்டு உறுப்பினர்களுள் ஜோதிராவ் ஒருவரே. பெரும் பொருட்செலவில் காய்கறிச் சந்தைக்கு மாளிகை போன்ற கட்டடம் எழுப்பும் திட்டத்தையும், கல்விக்கு அந்தப் பணம் வேண்டும் என்று எதிர்த்தார். நகரில் சாராயக் கடைகள் பெருகுவதைக் கண்டித்தும் எழுதினார். சந்தைக் கட்டடம் என்னவோ எழும்பிவிட்டது. 1886இல் ஆளுநர் ரே பிரபுவின் பெயரில் திறக்கப்பட்டது. இன்று அந்தச் சந்தைக்கு மகாத்மா பூலேயின் பெயர்! அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இனி வரிக்கு வருவோம். அக்காலத்தில் அரசாங்க வருவாயில் பெரும் பங்கு நிலவரியே. அபினியும் உப்பும் அதற்கு அடுத்தவை. நிலவரியின்மேல், பம்பாய் மாகாணத்தில் 1860களிலிருந்து, ரூபாய்க்கு ஓரணா வீதம் மேல்வரி ஒன்று தண்டப்பட்டது. தல நிதி என்று அதற்குப் பெயர். அதை மூன்று பங்காக்கி இரண்டு பங்கைச் சாலைகளுக்கும் ஒரு பங்கைப் பள்ளிகளுக்கும் ஒதுக்கினர். பன்னிரண்டு ரூபாய் தீர்வை கட்டும் உழவன் மேலும் பன்னிரண்டு அணா கட்டுவான்; எட்டணா சாலைக்கு, நாலணா பள்ளிக்கு. நம் தென்காசிப் பக்கத்திலும் 1871ஆம் ஆண்டுச் சென்னைத் தல நிதிச் சட்டத்தின்படி நிலத்தின்மேல் இத்தகைய மேல்வரி வந்தது.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகவே தோன்றும். சாலையும் பள்ளியும் வேண்டியவைதாமே? ஜோதிராவ் அந்த நாலணாவும் எட்டணாவும் போன வழியைத் தேடினார். மாடு மேய்க்கவும் வயலில் கூலி செய்யவும் போன பிள்ளைக்குப் பள்ளி எட்டவில்லை. மகர், மாங் பிள்ளைகள் மேல்சாதிப் பிள்ளைகளின் அருகே உட்காரக் கூடாது என்று விலக்கப்பட்டனர். தன் எட்டணாவில் அமைந்த சாலையில் உழவன் வண்டி ஓட்டிச் சென்றால் சுங்கச்சாவடியில் காசு. நகர எல்லையில் சரக்குக்கு வரி. வீடு திரும்பி உண்ணும் கஞ்சியில் இட்ட உப்புக்கும் வரி. இவற்றையெல்லாம் பின்னாளில் உழவனின் சாட்டை என்னும் நூலில் சினம் பொங்க எழுதினார்.

செல்வர்கள் என்ன கொடுத்தனர்? 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவை ஈடுகட்ட 1860இல் வருமான வரி வந்தது. வசதி படைத்தோர் எதிர்த்தனர், 1865இல் நீங்கியது. மீண்டும் வந்தது, மீண்டும் நீங்கியது. 1878இல் வணிகர், கைத்தொழிலாளர்மேல் உரிமக் கட்டணம் என ஒன்று வந்தது. பெருஞ்சம்பளம் வாங்கிய அதிகாரியும் வழக்கறிஞரும் அதற்கு உட்படவில்லை. ஆக, ஜோதிராவ் தம் மனுவை எழுதிய 1882ஆம் ஆண்டில், கோவணம் கட்டிய உழவன் தீர்வையும் மேல்வரியும் கட்டினான். கல்லூரியில் படித்து உயர் பதவி ஏறியவர் தம் வருமானத்துக்கு வரி கட்டவில்லை. அந்தக் கல்லூரியோ அரசாங்கப் பணத்தில் நடந்தது.

அவ்வாண்டில் ஹண்டர் தலைமையில் கல்விக் குழு நாடெங்கும் விசாரித்து வந்தது. ஜோதிராவ் அதற்கு நீண்டதோர் மனுவை அளித்தார். தம்மை வணிகர், உழவர், நகரசபை உறுப்பினர் என்று குறிப்பிட்டுக் கையொப்பமிட்டார். அரசாங்க வருவாயில் பெரும்பகுதி உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது என்றும், மேல்வகுப்பினரும் செல்வரும் கருவூலத்திற்கு அளிப்பது மிகச் சிறிது அல்லது ஒன்றுமில்லை என்றும், அவ்வாறிருந்தும் கல்விச் செலவின் பெரும்பயனை அவர்களே துய்க்கின்றனர் என்றும் அதில் எடுத்துரைத்தார். புனே நகரில் மகர், மாங் மக்கள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் இருக்க, அவர்களுக்கெனப் பள்ளி ஒன்றே உண்டு, அதில் வருவோர் முப்பது சிறுவர்கூட இல்லை என்று எண்ணிக்கையோடு சொன்னார்.

குறை சொல்லி நிறுத்திவிடாமல், செய்யவேண்டியதையும் சொன்னார். பன்னிரண்டு வயது வரை தொடக்கக் கல்வி கட்டாயமாக வேண்டும். தல நிதியில் மூன்றில் ஒரு பங்கு போதாது, பாதியைத் தொடக்கக் கல்விக்கே ஒதுக்கவேண்டும். மாகாண அரசாங்கமும் தன் பொது வருவாயிலிருந்து பணம் தரவேண்டும். நகரங்களில் அந்தச் செலவை நகரசபைகள் ஏற்கவேண்டும். உழவர் குடிகளிலிருந்தே ஆசிரியர்களைத் தேர்ந்து பயிற்சியளித்து, மாதச் சம்பளம் பன்னிரண்டு ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்கவேண்டும். எழுத்தும் கணக்கும் மட்டும் போதா. பயிர்த்தொழில், உடல்நலம் பற்றிய பாடங்களும் வேண்டும். பின்தங்கிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வேண்டும். நாற்பதாண்டுகள் கழித்து வந்த சட்டங்களில் இருப்பவை பல இதில் உள்ளன. தலைமை ஆசிரியன் என்ற முறையில் ஆசிரியர் சம்பளத்தைப் பற்றிய வரியை நான் இருமுறை படித்தேன் என்பதை மறைக்கவில்லை.

இரண்டு இடங்களில் அவரோடு எனக்குச் சிறிது மாறுபாடு உண்டு. ஆங்கில அரசாங்கம் உண்மையை அறிந்தால் திருந்திவிடும் என்று அவர் அளவுக்கு மேல் நம்பினார். தீண்டப்படாத பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்பதையும் ஏற்றார். சேர்ந்து உட்கார விடாத ஊரில் தனிப்பள்ளியாவது வேண்டும் என்பது அன்றைய நிலை. ஆனால் தனியாக வைத்ததை மறந்துவிடுவது அரசாங்கங்களுக்கு எளிது என்பதைப் பிற்காலம் காட்டியிருக்கிறது.

மேல்நாட்டில் அப்போது என்ன நடந்தது என்பதையும் ஒப்பு நோக்கவேண்டும். இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டம், சொத்துக்களின்மேல் விதிக்கப்படும் உள்ளூர் வரியைக்கொண்டு தொடக்கப் பள்ளிகளை நடத்த வழி செய்தது. 1880இல் பள்ளி செல்வது அங்கே கட்டாயமாயிற்று. தன் நாட்டுப் பிள்ளைக்குச் செய்ததை இந்தியப் பிள்ளைக்கு ஆங்கில அரசாங்கம் செய்யவில்லை. ஹண்டர் குழு 1883இல் தன் அறிக்கையை அளித்தது. தொடக்கக் கல்வியைத் தல நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. கட்டாயக் கல்வியை ஏற்கவில்லை. 1886இல் வருமான வரிச் சட்டம் நிலைபெற்று, அதிகாரியும் வழக்கறிஞரும் வணிகரும் அதற்கு உட்பட்டனர். விவசாய வருமானம் விலக்கப்பட்டதால் பெரும் பண்ணையார்கள் தப்பினர் என்பது வேறு கதை.

கட்டாயக் கல்விக்காகக் கோகலே 1911இல் கொண்டுவந்த மசோதா மறு ஆண்டில் தோற்றது. சமஸ்தானங்களே முந்திக்கொண்டன. பரோடா மன்னர் சாயாஜிராவ் 1906இல் தம் நாடு முழுவதும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கினார். கோல்ஹாப்பூர் சாகு மகராஜ் 1917இல் அவ்வாறே செய்தார். நோயுற்ற ஜோதிராவுக்குப் பண உதவி அனுப்பியவரும் அதே சாயாஜிராவ்தான். 1913ஆம் ஆண்டில் இளைஞர் அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பியதும் அவருடைய பரோடா அரசின் உதவித்தொகை. பொதுநிதியில் படித்துத் திரும்பிய அந்த இளைஞர், 1927ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில், மதுவின் மூலம் மக்களிடம் எடுக்கும் வரியின் அளவுக்காவது அவர்கள் கல்விக்குச் செலவிடுங்கள் என்று வாதாடினார். சூத்திரர்கள் யார் என்னும் தம் நூலை 1946இல் பூலேயின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

ஜோதிராவின் இறுதி ஆண்டுகள் துன்பமானவை. 1888ஆம் ஆண்டில் கன்னாட் கோமகனுக்குப் புனேயில் நடந்த விருந்துக்கு அவர் உழவன் உடையிலேயே சென்றார். நகையும் பட்டும் அணிந்து இங்கே அமர்ந்திருப்பவர்கள் இந்தியா ஆகமாட்டார்கள், கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள் என்று கோமகனிடம் எடுத்துரைத்தார். அவ்வாண்டு மே 11ஆம் நாள் பம்பாய்ப் பொதுமக்கள் அவருக்கு மகாத்மா என்னும் பட்டம் சூட்டினர். சில திங்களில் பக்கவாதம் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதித் தம் கடைசி நூலை முடித்தார். 1890ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் மறைந்தார். இறுதிச் சடங்கில் நெருப்புச் சட்டியை ஏந்தி முன் நடந்தவர் சாவித்திரிபாய். 1897இல் புனேயில் பிளேக் நோய் பரவியபோது நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அந்நோய்க்கே அந்த அம்மையாரும் பலியானார்.

ஆண்டுதோறும் ஜூன் திங்களில் எங்கள் பள்ளியில் உதவித்தொகைப் படிவங்களை நானே என் கையால் வழங்குகிறேன். வழங்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடமும் கொடுக்கிறேன். அந்த மாதம் தங்கள் வீட்டார் கட்டிய வரிகளை எழுதி வரவேண்டும். வீட்டு வரி ரசீதைக் கொண்டுவருவார்கள்; அதில் நூலக வரி ரூபாய்க்குப் பத்துக் காசு என்பதைக் காட்டுவேன். கைப்பேசிக்கு நூற்றுப் பதினெட்டு ரூபாய் கட்டினால் அதில் பதினெட்டு ரூபாய் வரி என்று கணக்குப் போடுவோம். சோப்பு, தேயிலை, தீப்பெட்டி எல்லாம் பட்டியலில் வரும். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாட்டியின் வெற்றிலையை முதலில் எழுதியிருந்தாள். வெற்றிலைக்கு வரியில்லை அம்மா, புகையிலைக்குத்தான் என்று அடித்துத் திருத்தினேன். திருத்திய பின்னும் அந்தப் பட்டியல் தாளின் இரு பக்கமும் நிறைந்திருந்தது. அதைப் படிவத்தோடு சேர்த்துக் குத்திக் கொடுக்கலாமா ஐயா என்று கேட்டாள். வேண்டாம், வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.